வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

லிவர்பூல்
1868 செப்டம்பர் 28

அன்பு அண்ணன் எலிஸுக்கு, தம்பி மோரஸ் வணங்கி எழுதுவது.

வேல்ஸ் விழித்துக்கொண்டது அண்ணா! போன வாரம் இங்குள்ள வெல்ஷ் சங்கத்தில் பேசினேன். கைதட்டல் அடங்கவே இல்லை. மலை நம்முடையது, மொழி நம்முடையது, ஜெபக்கூடம் நம்முடையது. ஆனால் நமக்காகப் பார்லிமெண்டில் உட்கார்ந்திருப்பவனோ நம் மொழியில் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாதவன். இந்த அவமானத்தை இன்னும் எத்தனை காலம் சுமப்பது என்று கேட்டேன். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

புதுச் சட்டத்தால் உங்களைப் போன்ற குத்தகைக்காரர்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது. நவம்பரில் நம் நிலத்துக்குச் சொந்தக்காரரான துரையின் மருமகன் அந்தக் கர்னலும், நம் சபைக்காரர் ஓவன் பாரியும் எதிரெதிரே நிற்கிறார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் உங்கள் வாயைத்தான் பார்க்கும். எலிஸ் பிரின் எய்தின் யார் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயரைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள். பண்ணையின் பெயரால் ஒரு மனிதனைக் கூப்பிடும் ஊரில் அந்தப் பண்ணைக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல.

'மலைக்குரல்' என்ற பெயரில் பத்திரிகையில் நான் எழுதுவதை அனுப்பியிருக்கிறேன். ஜெபக்கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஹாரியட்டும் குழந்தை எமிலியும் சுகம். மாமனாரின் மர வியாபாரம் நன்றாக நடக்கிறது.

தேசத்தின் பெயரால்,
மோரஸ்


பிரின் எய்தின்
1868 அக்டோபர் 11

தம்பி மோரஸ்,

உன் கடுதாசி வந்தது. உன் அண்ணி ஷோனெட்டுக்கு உரக்க வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "உங்க தம்பி மேடையில நின்னுக்கிட்டே எழுதியிருக்காரு போல. பாவம், கால் வலிக்கும், உக்காரச் சொல்லுங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று எழுதச் சொன்னாள். சிரித்தேன்.

மலைக்குரலாரே, கொஞ்சம் மலைக்கு வந்து பாரும். லிவர்பூலில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் நீ யார் பெயரைச் சொன்னாய் என்று எவனுக்குத் தெரியும்? இங்கே டவுனில் மேடை போட்டு, அதில் ஏறி, எழுத்தர் முன்னால் நின்று, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் தோளுக்குப் பின்னாலேயே துரையின் காரியஸ்தர் ஃபென்டன் நிற்பார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

போன வாரம் அவர் வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. அரைகுறை வெல்ஷில், "எலிஸ், உன் தாத்தா, உன் அப்பா எல்லாரும் துரைக்கு நல்ல பிள்ளைங்களா இருந்தாங்க. பண்ணையை அழகா வச்சிருக்கே. இப்படியே இருக்கட்டும்" என்றார். சேணத்தில் இருந்தபடியே நம் தொழுவத்துக் கூரையைச் சாட்டையால் தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

எழுத்து மூலமாக நமக்கு ஒன்றும் கிடையாது என்று உனக்கே தெரியும். வருஷத்துக்கு வருஷம் அவர்கள் வாய்வார்த்தையில் ஓடுகிற குத்தகை. எனக்கு வேல்ஸ் வேண்டாம் என்று நான் எங்கேடா சொன்னேன்? நான் வேறே எங்கே இருக்கேன்? ஓவன் பாரி ஜெயிக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

எலிஸ்


லிவர்பூல்
1868 அக்டோபர் 19

அண்ணா,

உங்கள் பயத்தை நான் இகழ மாட்டேன். இகழ்ந்தால் நான் உங்கள் தம்பி அல்ல.

அம்மாவின் வேதப்புத்தகம் இதோ என் மேசைமேல் இருக்கிறது. அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். துரை உங்களை வெளியேற்றினால், என் வீட்டு மாடியில் இருக்கும் இரண்டு அறைகளும் உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும். மாமனாரின் மரக்கிடங்கில் மேஸ்திரி வேலை. நீங்கள் ஒருநாள்கூட யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. என் கதவு உங்கள் கதவு.

அப்பா என்னைப் படிக்க அனுப்பிவிட்டு உங்களை ஏர் பிடிக்க வைத்தார். அதற்கு நான் பட்ட கடனைத் தீர்க்க ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். நீங்கள் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். மற்றதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

மோரஸ்


பிரின் எய்தின்
1868 நவம்பர் 27

தம்பி,

சொல்லிவிட்டேன்.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன். விடியும்போதே ஃபென்டன் குதிரையில் வந்து, எங்கள் எல்லாரையும் பாலத்தடியில் கூட்டி, சந்தைக்கு மாடு ஓட்டுகிற மாதிரி முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். வழியில் கொல்லன் ஹௌவல் என் காதருகே வந்து, "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நானும்" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. என் பாரம் போதாதென்று அவன் பாரத்தையும் ஏற்றுகிறானே என்று.

எனக்கு முன்னால் ஏறினவர்கள் எல்லாம் கர்னல், கர்னல் என்றே சொன்னார்கள். அதில் ஒருவர் நமக்கு ஞாயிற்றுப் பள்ளியில் பாடம் நடத்தியவர். இறங்கும்போது என்னைப் பார்க்காமல் போனார். என் முறை வந்தது. எழுத்தர் கேட்டார். "ஓவன் பாரி" என்றேன். ஃபென்டன் முன்னால் குனிந்து, "குளிர்ல நாக்கு குழறுதா எலிஸ்? நல்லாச் சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை நிமிர்த்திவிட்டது, இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ. கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஓவன் பாரிங்க. இன்னொரு தடவை வேணும்னாலும் சொல்றேன்" என்றேன்.

அப்புறம் ஹௌவல் சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். பாரி ஜெயித்தார். ஜெபக்கூடத்தில் பாட்டுப் பாடி முடிக்கவே மனம் வரவில்லை ஒருத்தருக்கும். நானும் தொண்டை கட்டும்வரை பாடினேன். இந்த மண்ணில் நானும் ஒரு ஆள் என்று வாழ்க்கையில் முதல்தடவை பட்டது. நீ எழுதவில்லை என்றால் நான் சொல்லியிருக்க மாட்டேன்டா. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஷோனெட் பாடவில்லை. வீட்டுக்கு வந்ததும், "மாடி ரூம்ல ஜன்னல் இருக்கான்னு கேளுங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

எலிஸ்


லிவர்பூல்
1868 டிசம்பர் 2

வீரத் திலகமே!

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் வாசித்தேன். எழுந்து நின்று கேட்டார்கள். "இன்னொரு தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்" என்ற வரியை வைத்து மலைக்குரல் ஒரு தலையங்கமே எழுதிவிட்டான். ஊர் பெயரையும் பண்ணை பெயரையும் அப்படியே போட்டிருக்கிறேன், சரித்திரத்தில் நிற்க வேண்டும் அல்லவா. ஐந்து பிரதி அனுப்புகிறேன்.

ஜன்னல் இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். ஆனால் அதற்கெல்லாம் தேவையே வராது.

மோரஸ்


பிரின் எய்தின்
1869 மார்ச் 26

தம்பி,

நோட்டீஸ் வந்துவிட்டது. செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஃபென்டனிடம் போய்க் கேட்டேன். "துரைக்குப் பண்ணை வேணும்" என்றார். மேசைமேல் உன் பத்திரிகை மடித்து வைத்திருந்தது.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பேப்பரில் வராவிட்டாலும் அவர் காதால் கேட்டதுதானே. ஹௌவலுக்கும் நோட்டீஸ். பாரிக்குச் சொன்ன இன்னும் சிலருக்கும். துரை போகிற இங்கிலீஷ் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தூது வந்ததாம். எனக்கு வரவில்லை. வந்தாலும் போக மாட்டேன். நம் ஜெபக்கூடத்தில் அம்மா அடங்கிய மண்ணைத் தாண்டித்தானே அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும்.

ஆகவே மாடி அறைகளைப் பற்றி எழுது. பிள்ளைகள் இப்போதே கப்பல் பார்க்கப் போவதாகக் குதிக்கிறார்கள். சின்னவள் பெகூவுக்கு இருமல் இருக்கிறது, அடுப்பு பக்கத்து அறை என்றால் நல்லது. நான் மரம் அறுத்துப் பழகினவன், மாமனாரிடம் சொல். மேஸ்திரி வேலைதான் வேண்டும் என்றில்லை.

மலை ஆடுகளை நினைத்தால்தான் தாங்கவில்லை. வேறு மலைக்கு ஓட்டிப் போனால் அவை திரும்பி வந்துவிடும், இல்லை செத்துவிடும். வழக்கப்படி பண்ணையோடு விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

எலிஸ்


லிவர்பூல்
1869 ஏப்ரல் 14

அன்பு அண்ணா,

கொடுமை! கொடுமை!

அறைகளைப் பற்றி: ஹாரியட் மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள். அவள் அம்மா வந்து மாடியில் தங்கியிருக்கிறார்கள், எவ்வளவு நாள் என்று இப்போது சொல்வதற்கில்லை. மரக்கிடங்கில் ஆளெடுக்கும் காலமும் இதுவல்ல. வீட்டில் எல்லாரும் இங்கிலீஷிலேயே பேசுவதால் பிள்ளைகளுக்கும் அண்ணிக்கும் சங்கடமாக இருக்குமோ என்றும் யோசிக்கிறேன். மறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். தள்ளிப்போடுகிறேன், அவ்வளவே.

ஆனால் இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மே மாதம் இங்கே மாபெரும் கண்டனக் கூட்டம். வெளியேற்றப்படும் குடியானவர் ஒருவரை மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறார்கள். உங்களைத் தவிர வேறு யாரைச் சொல்வேன்? ரயில் டிக்கெட் அனுப்புகிறேன். நேரில் எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்.

மோரஸ்


பிரின் எய்தின்
1869 மே 23

மோரஸ்,

வீடு வந்து சேர்ந்தேன். ஷோனெட் என்ன நடந்தது என்று கேட்டாள், கூட்டம் நிறைய வந்தது என்று மட்டும் சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ கழற்றச் சொன்னாய். "அண்ணா, தொழுவத்துல போடற சட்டை எடுத்துட்டு வரலையா? கட்டை மிதியடி?" என்று கேட்டாய். யாரிடமோ ஒரு பழஞ்சட்டை வாங்கிக் கொடுத்தாய். சரி, தேசத்துக்காக என்று போட்டுக்கொண்டேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, நீ என்னைக் காட்டிக் காட்டிப் பேசினாய். பெண்கள் அழுதார்கள். சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவோமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. என்னை ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை நீ.

அதையும் விடு. உன் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போய், சமையற்கட்டில் உட்கார வைத்தாய். வீட்டில் விருந்தாளி என்றாய். உன் மகள் எமிலி வந்து என்னைப் பார்த்து, யார் இது என்று உன்னிடம் கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருத்தர் என்று நீ இங்கிலீஷில் சொன்னாய். ஆடு விற்கிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும்டா. பெரியப்பா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு என்ன கேடு?

திரும்பிப் போகிறபோது உன் முன்வாசலில் ஃபென்டன் வண்டி ஏறுவதைப் பார்த்தேன். ஆமாம், அவரேதான். எனக்குத் தொப்பியைத் தூக்கினார். உன் மாமனார் துரையின் காட்டு ஓக்கு மரமெல்லாம் வாங்குகிறவர், வியாபாரம் வேறு, அரசியல் வேறு என்று நீ ஸ்டேஷன் வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தாய். எனக்குப் புரியவில்லை. நான் படிக்காதவன்.

மாடி அறை வேண்டாம். நீ ரொம்ப யோசிக்காதே.

எலிஸ்


கல்குவாரி லைன் வீடு
1869 அக்டோபர் 10

தம்பி,

மே மாசத்துக்குப் பிறகு உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீயும் எழுதவில்லை. ஆனால் பண்ணையை விட்டு வந்த சேதியைக் கூடப் பிறந்தவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏலம் போன மாதம் நடந்தது. நம் ஆட்கள் யாரும் வாங்க மாட்டார்கள். குடியானவனை வெளியேற்றின பண்ணையில் ஒரு ஆணியைக்கூடத் தொடுவதில்லை என்று ஜெபக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் ஒன்றும் விலை போகாது, வெறுங்கையோடு போகப்போகிறோம் என்று பயந்தேன். ஆனால் வக்கீல் குமாஸ்தா மாதிரி ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் நல்ல விலைக்கு எடுத்தார். ஆடு, மாடு, கலப்பை, அம்மாவின் பெரிய பாத்திர அலமாரி எல்லாம். "எதையும் நகர்த்தாதீங்க, இருக்கற இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். யாருக்காக என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

யாரோ நல்ல மனசுக்காரர் மோரஸ். சங்கத்து ஆட்கள் யாராவதாக இருக்கும். உனக்குத் தெரிந்தால் என் சார்பில் நன்றி சொல். அலமாரியை இழுத்துப் போட்டு உடைக்காமல் அங்கேயே விட்டாரே என்று ஷோனெட் அழுதாள். வெளியே வந்த அன்றைக்கு அவள் அழவில்லை, இதற்கு அழுதாள்.

குவாரியில் வேலை கிடைத்துவிட்டது. கல்லைப் பிளக்கிற வேலைக்கு வயசாகிவிட்டது என்று வண்டி தள்ளவிட்டிருக்கிறார்கள். லைன் வீட்டில் இரண்டு அறை. ஹௌவலும் பக்கத்திலேயேதான். இங்கே என்னை வெறும் எலிஸ் என்று கூப்பிடுகிறார்கள். காது இன்னும் பழகவில்லை.

உன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஹாரியட்டுக்குப் பிள்ளை பிறந்ததா? எழுது.

எலிஸ்


கல்குவாரி லைன் வீடு
1869 நவம்பர் 3

மோரஸ்,

ஹௌவல் சந்தையிலிருந்து வந்து ஒரு விஷயம் சொன்னான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். பிரின் எய்தினுக்கு வந்த புதுக் குத்தகைக்காரர் நீ என்கிறான்.

உண்மையா? ஆம், இல்லை, ஒன்றே ஒன்று எழுது. மேடைப் பேச்சு வேண்டாம்.

எலிஸ்


லிவர்பூல்
1869 நவம்பர் 9

அண்ணா,

ஆம்.

பொறுமையாகப் படியுங்கள், உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நோட்டீஸ் வந்த பிறகு உங்களுக்குப் பண்ணை இல்லை என்பது முடிந்துபோன விஷயம். யாராவது ஒரு இங்கிலீஷ்காரன் வரப்போகிறான். மூன்று தலைமுறை நாம் உழுத நிலத்தில் அந்நியன் கால் வைப்பதா? அன்று ஃபென்டன் மாமனாரிடம் அதைப் பற்றித்தான் பேச வந்தார். மாமனார் தன் பெயரில் உறுதி கொடுத்தார். என் பெயரில் குத்தகை. பண்ணை நம் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. ஏலத்தில் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னதும் அதற்காகத்தான். அம்மாவின் அலமாரி யார் கைக்கோ போயிருக்கும். நல்ல விலை கொடுக்கச் சொன்னேன், அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் மூலமோ தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் கோயிலுக்குப் போகிறேன் என்றும், அடுத்த தேர்தலில் துரையின் வேட்பாளர் பெயரைச் சொல்கிறேன் என்றும் ஃபென்டனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெறும் உதட்டு வார்த்தை அண்ணா. உள்ளே நான் அதே வெல்ஷ்காரன்தான். தேசத்துக்கு மேடையில் நின்று உழைப்பவன் வேண்டும், நிலத்தைக் காப்பாற்றி வைப்பவனும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாதா?

கோடையில் நீங்களே வந்து பண்ணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் போட்டுத் தருகிறேன்.

மோரஸ்


பிரின் எய்தின்
1870 ஜூன் 24

அண்ணா,

ஏழு மாதமாக மூன்று கடிதம் போட்டேன். நீங்கள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மாறுபட்ட முகவரியைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். ஏப்ரல் முதல் குடும்பத்தோடு இங்கேதான் இருக்கிறேன். கெஞ்சித்தான் எழுதுகிறேன்.

பண்ணையில் யாரும் வேலைக்கு வருவதில்லை. பால் கறக்க வந்த பெண் இரண்டாம் நாளே அழுதுகொண்டு போய்விட்டாள், அவள் அப்பா வந்து கூட்டிப் போனார். கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. ஹாரியட்டுக்கு இவர்கள் மொழி புரியாதது கடவுள் கிருபை.

ஆட்டு ரோமம் கத்தரிக்கிற முறைநாள் போன புதன்கிழமை. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாள், கூப்பிடாமலே ஊர் வரும் என்பதைத்தான் நம்பியிருந்தேன். அப்பா காலத்தில் எத்தனை பேர் வந்து வரிசையாக உட்கார்ந்து கத்தரிப்பார்கள்! எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பகல் முழுக்க வாசலில் நின்றேன். ஒரு ஈ காக்கை இல்லை. பாலத்து வழியே ஆட்கள் கத்தரியோடு அடுத்த பண்ணைக்குப் போவதை இங்கிருந்தே பார்த்தேன். டவுனிலிருந்து இரண்டு பேரைப் பிடித்து வந்தேன், தோலை வெட்டிக் குதறிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறுகிறது. ஆடுகளுக்குப் புழு வைக்க ஆரம்பித்துவிட்டது. பின்னங்காலால் உதைத்துக்கொண்டு, தன்னைத்தானே கடித்துக்கொண்டு சுற்றுகின்றன. பார்க்க முடியவில்லை.

ஜெபக்கூடத்தில் நீங்கள் எழுந்து நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சம்மதத்தோடுதான் தம்பி பண்ணையை எடுத்தான் என்று. எல்லாரும் நாளைக்கே வருவார்கள். அதற்குப் பதிலாகப் பட்டிக்குக் கீழே இருக்கிற வீட்டை உங்களுக்கே விட்டுத் தருகிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். பெகூவின் இருமலுக்கும் குவாரித் தூசியைவிட மலைக்காற்று நல்லது.

உங்கள் தம்பி,
மோரஸ்


கல்குவாரி லைன் வீடு
1870 ஜூலை 3

மோரஸ்,

உன் கடுதாசியை ஷோனெட்டுக்கு வாசித்துக் காட்டினேன். பெகூ பேர் வந்த இடத்தில், நிறுத்துங்க என்றாள். பிறகு, "அந்த வீட்டுக்காக நீங்க பொய் சொன்னீங்கன்னா நான் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் கூட வர மாட்டேன்" என்றாள். பிள்ளை ராத்திரி பூரா இருமுகிறாள், அவள்தான் எழுந்து எழுந்து உட்காருகிறாள். அவளே அப்படிச் சொன்னாள். உன்னிடம் மலைக்காற்று இருக்கிறது, அதை வைத்து நீ என் பிள்ளை நெஞ்சைப் பேரம் பேசுகிறாய். நல்லா இருடா.

ஜெபக்கூடத்தில் எழுந்து நின்றேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. "பிரின் எய்தின் ஆடுகளுக்குப் புழு வச்சிருக்கு. அதுங்க யாருக்கும் ஓட்டுப் போடலை. நான் நாளைக்குப் போறேன்" என்றேன். யாரையும் கூப்பிடவில்லை. ஹௌவல் எழுந்து, "அண்ணே, நம்மளை வெளிய தள்ளின பண்ணையில நாம கைவைக்கிறதா?" என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் நான் பட்டிக்கு வந்தபோது அவன் எனக்கு முன்னால் வந்து கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் ஊரே வந்தது. நீதான் பார்த்தாயே. வாசலில் வந்து, "வாங்க வாங்க" என்று எல்லாரையும் பார்த்துக் கையை நீட்டினாய். ஒருத்தரும் உன் கையைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. யாரும் உன்னைத் திட்டவும் இல்லை. திட்டினால் உனக்கு நன்றாக இருந்திருக்கும், பதில் சொல்லத் தெரிந்தவன் நீ.

என் ஆடுகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. காது வெட்டுத் தழும்பு உள்ள கிழட்டு ஆடு, தானாக வந்து முழங்கால் நடுவில் நின்றது. அதன் முதுகில் புழுவை எடுக்கும்போது அழுதேன். நீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாயோ என்னவோ. அதுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உனக்காக இல்லை.

வெறும் உதட்டு வார்த்தை என்று எழுதினாயே. நான் மேடையில் சொன்னதும் உதட்டு வார்த்தைதான். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து நீ எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் அதைச் சொன்னேன். நீ எழுதாமல் இருந்தால் கர்னல் என்று சொல்லிவிட்டு, வெட்கத்தோடு ஆனால் என் வீட்டில் இருந்திருப்பேன். நீ என்னைத் தைரியசாலி ஆக்கினாய். அதற்கு நான் உனக்கு நன்றி வேறு எழுதினேன். அந்தக் காகிதத்தைத் தயவு செய்து கிழித்துப் போடு, எனக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

மத்தியானம் வேலை முடிந்தது. கத்தரித்தவர்களுக்குப் பண்ணைக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். நீயும் போட்டிருந்தாய். ஹாரியட் வெள்ளைத் துணி விரித்து, மாட்டிறைச்சி, புது ரொட்டி, வெண்ணெய், எல்லாம் முற்றத்தில் வைத்திருந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். எல்லாரும் அந்த மேசையைத் தாண்டி நடந்து, மதிலுக்கு வெளியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, துணியில் கட்டி வந்த காய்ந்த ரொட்டியைப் பிரித்தோம். நீ என் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தாய். "அண்ணா, நீங்க மட்டுமாவது ஒரு வாய்" என்றாய். ரொம்ப மெதுவாகச் சொன்னாய்.

எனக்குப் பசிதான் மோரஸ். விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஹாரியட் விரித்த துணி அம்மாவுடையது, கண்டுபிடித்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் கால் நின்றது. ஆனால் உன் வீட்டில் நான் சாப்பிட்டால் விருந்தாளி. அந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார எனக்கு உடம்பு வரவில்லை.

எலிஸ்